விரல் நுனி போனதால்தான் ஹெவி மெட்டல் பிறந்ததா? டோனி அயோமியின் வாசிப்பு பற்றி

கேள்வி இதுதான்: "பிளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு விபத்தில் விரல் நுனிகள் போயின, அதனால்தான் ஹெவி மெட்டலே பிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? கேட்டுப் பார்த்தால் அவர் அப்படியொன்றும் வேகமாக வாசிப்பதாகத் தெரியவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு மரியாதை?"

விபத்து முழுக்க உண்மை. அதிலிருந்து ஹெவி மெட்டல் நேராகப் பிறந்தது என்பதுதான் பாதிக் கதை. வழக்கமாகச் சொல்லப்படுவது இப்படி: விரல் நுனி போனது, அழுத்த வலித்தது, தந்திகளைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, இசை கனத்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. விபத்து நடந்தது 1965-இல். முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரியில். ஆல்பத்தில் அவர் சுருதியை நன்றாக இறக்கி வாசித்தது 1971-இல், மூன்றாவது ஆல்பத்தில்தான். முதல் இரண்டு ஆல்பங்களும் எல்லா கிட்டாரிஸ்ட்டுகளும் வைக்கும் சாதாரண சுருதியில் வாசித்தவை. அவற்றில் கனம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படியானால் அந்தக் கனம் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஃபிராங்க் அந்தோனி அயோமி 1948 பிப்ரவரி 19 அன்று பர்மிங்காமில் பிறந்தார். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தார். ஆலைகளும் நெருக்கமான வரிசை வீடுகளும் நிறைந்த தொழிலாளர் பகுதி அது. டிரம்ஸ் வாசிக்கத்தான் அவருக்கு ஆசை. வீட்டில் அந்தச் சத்தத்துக்கு இடமில்லை என்று சொல்லி அக்கார்டியன் வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா குடும்பத்தில் ஏற்கெனவே அக்கார்டியன் புழங்கியது. பிறகு ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வினைக் கேட்டு கிட்டாருக்குத் தாவினார். அதே பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்தவர், பின்னாளில் பிளாக் சாபத்தின் பாடகரான ஓசி ஆஸ்போர்ன். அப்போது இருவருக்கும் பெரிய நட்பெல்லாம் கிடையாது.

அயோமி இடது கைக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர் இடது கையால் கிட்டார் கழுத்திலுள்ள ஃபிரெட்டுகளை அழுத்தி, வலது கையால் தந்திகளை மீட்டுவார். அயோமிக்கு இது தலைகீழ். அவர் ஃபிரெட் அழுத்துவது வலது கையால். விபத்தில் போனது அதே வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள். வேறொருவருக்கு என்றால் இதே காயத்தோடு தந்தியை மீட்டும் பிளெக்ட்ரத்தைப் பிடித்துச் சமாளித்திருக்கலாம்.

அப்போது வயது 17. தகடு வேலை செய்யும் ஆலையில் வெல்டிங் வேலை. ஒரு குழுவோடு ஜெர்மனி போய் முழுநேரமாக வாசிக்கலாம் என்று முடிவாகி, அன்றுதான் ஆலையில் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாமென்று நினைத்தார். அம்மாதான் வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். தகட்டை அழுத்தி வளைக்கும் இயந்திரத்துக்கு உரிய ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அயோமியை அங்கே உட்கார வைத்தார்கள். இயந்திரம் கையின் மேல் இறங்க, பதறிக் கையை இழுத்ததில் இரண்டு விரல்களின் நுனியும் பிய்ந்து போயின.

இனி கிட்டார் கிடையாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்க ஆலை மேலாளர் ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் கிட்டார். கேட்கப் பிடிக்கவில்லை என்றவரை வற்புறுத்திக் கேட்க வைத்துவிட்டு, இதை வாசிப்பவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள்தான் வேலை செய்கின்றன என்று சொன்னாராம். ஜாங்கோவின் கை 1928-இல் ஒரு தீ விபத்தில் கருகியது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. மீதி இரண்டு விரல்களால் அவர் ஐரோப்பிய ஜாஸையே புரட்டிப் போட்டார். அந்த மேலாளரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால் அவருக்கும் ஒரு சிலை வைக்கலாம்.

அதன்பின் அயோமி செய்தது ஒரு ஆலைத் தொழிலாளியின் யோசனை. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் அதில் ஓட்டை போட்டு, விரலில் செருகிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவுக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். இன்றுவரை அவர் வாசிப்பது இதே மாதிரியான உறைகளைப் போட்டுக்கொண்டுதான். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வலது கைக்காரராக மாறுவது இன்னொரு வழி. அதற்கு அவருக்குப் பொறுமை இல்லை.

சரி, இந்தக் காயம் வாசிப்பை எப்படி மாற்றியது? மூன்று வகையில் என்று சொல்வேன். ஒன்று, தந்தி. அன்று கடைகளில் கிடைத்த தந்திகள் தடிமனானவை. மெல்லிய தந்தி செட் அவருக்குக் கிடைக்கவில்லை, செய்து கொடுக்கவும் கம்பெனிகள் தயாராக இல்லை. எனவே பாஞ்சோ தந்திகளை வாங்கி கிட்டாரில் மாட்டிக்கொண்டார். பின்னாளில் அவர் பயன்படுத்திய மேல் தந்தியின் தடிமன் 0.008 அங்குலம். கனத்த இசையின் தந்தை எனப்படுபவர் வாசித்தது மிக மெல்லிய தந்திகளில் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு, தொடு உணர்வு. உறை போட்ட விரலுக்குத் தந்தி எங்கே இருக்கிறது என்று தெரியாது. காதைத்தான் நம்ப வேண்டும். ஆகவே தந்தியை வளைத்து இழுப்பது, அசைப்பது போன்ற நுட்பமான வேலைகளில் பெரும்பகுதி ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போனது. மூன்று, கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். ஐந்தாறு தந்திகளை விரித்துப் பிடிக்க வேண்டிய சில ஜாஸ் கார்டுகள் அவருக்கு எட்டாமல் போயின. இரண்டு மூன்று தந்திகளிலேயே நிறைவான ஒலியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் பாட்டின் மொத்தப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றி வைத்தவர் அயோமி.

இவை முக்கியமான மாற்றங்கள்தான். ஆனால் விரல் இல்லாததால் ஒருவர் எளிய கார்டு பிடிப்பார் என்பதைத்தான் இது சொல்கிறது. அந்த எளிய கார்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாக, எங்கே நிறுத்தி வாசிப்பது என்பதை விபத்து சொல்லித் தராது.

1968-இல் அயோமியும் டிரம்மர் பில் வார்டும் ஒரு குழு கலைந்து போய் பர்மிங்காம் திரும்பியிருந்தார்கள். ஓசி ஆஸ்போர்னும் கீஸர் பட்லரும் வந்து சேர்ந்தார்கள். போல்கா டல்க் என்று ஒரு விசித்திரப் பெயரில் தொடங்கி, எர்த் என்று மாறி, ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஜெத்ரோ டல் குழு அயோமியை அழைத்துக்கொண்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்த சர்க்கஸ் நிகழ்ச்சிப் படத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஜெத்ரோ டல்லில் நிற்பவர் அவர்தான். சில வாரங்களில் விட்டுவிட்டு வந்துவிட்டார். சும்மா வரவில்லை. ஜெத்ரோ டல்லில் காலையில் நேரத்துக்கு எழுந்து, அலுவலகம் போவது போல ஒத்திகைக்குப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் தன் ஆட்களையும் காலை ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வரவைத்தார். மற்ற மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாததால் அவரே போய் ஒவ்வொருவராக எழுப்பி ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததாம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் குவிந்த ரிஃப்களுக்கு, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளுக்கு, இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குழுவுக்கே பெயர் கொடுத்த 'பிளாக் சாபத்' என்ற அந்த முதல் பாட்டின் ரிஃப்புக்கு வருவோம். கீஸர் பட்லர் ஒத்திகையில் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அயோமி உருவாக்கியது மூன்றே சுரங்கள். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அப்புறம் பிரதி மத்திமம். அவ்வளவுதான். அந்த மூன்றாவது சுரத்தை நிற்க விடாமல் விரலால் அசைத்துக்கொண்டே இருப்பார். மேற்கத்திய இசையில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தேவாலயங்கள் இதைத் தடை செய்தன என்று ஒரு கதையும் உலவுகிறது. அதற்கு ஆதாரமில்லை, நம்ப வேண்டாம்.

நமக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். கல்யாணியிலும் இதே பிரதி மத்திமம்தான் வருகிறது. கேட்டு யாரும் பயப்படுவதில்லை. அங்கே காந்தாரமும் பஞ்சமமும் பக்கத்திலேயே நிற்கின்றன, மத்திமம் பஞ்சமத்தில் போய் இளைப்பாறுகிறது. அயோமி காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் தூக்கிவிட்டு, பிரதி மத்திமத்தை ஷட்ஜத்துக்கு எதிரே தனியாக நிறுத்தினார். எங்கும் போய்ச் சேராமல் அது அங்கேயே நின்று நடுங்குகிறது. அதன் மேல் மிக மெதுவான காலப்பிரமாணம். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே மௌனம். பயம் சுரத்தில் இல்லை, இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இது எந்தச் சுருதியில் வாசித்தாலும் வேலை செய்யும்.

அந்த ஆல்பத்தை 1969 இறுதியில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே ஸ்டுடியோவில் வாசித்தார்கள். அயோமி கொண்டுபோனது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பதிவு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் அதன் பிக்கப் மக்கர் செய்தது. கைவசம் வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்தார். குரங்கு ஸ்டிக்கர் ஒட்டிய அந்தச் சிவப்பு எஸ்ஜியை ரசிகர்கள் 'மங்க்கி' என்றே அழைக்கிறார்கள். இடது கை எஸ்ஜி கிடைப்பது அன்று குதிரைக்கொம்பு. இடது கை கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கும் ஒரு வலது கைக்காரரைக் கண்டுபிடித்து, தன்னிடமிருந்த வலது கை எஸ்ஜியைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் லாபம்.

கிட்டாரின் மறுமுனையில் பர்மிங்காமிலேயே தயாரான லேனி ஆம்ப். இடையில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. அது டிரெபிளை, அதாவது மேல் தொனியை, தூக்கிக் கொடுக்கும் பூஸ்டர். கனமான ஒலிக்கு டிரெபிள் எதற்கு என்று தோன்றலாம். எஸ்ஜியும் லேனியும் சேர்ந்தால் அடித்தொனி தானாகவே அதிகம். அதை அப்படியே ஆம்புக்குள் விட்டால் எல்லாம் குழைந்து கஞ்சியாகிவிடும். மேல் அலைவரிசைகளைத் தூக்கி ஆம்பின் முன்பகுதியைத் திணறவைத்தால், உறுமலும் கிடைக்கும், ஒவ்வொரு சுரமும் தனியாகவும் கேட்கும். அடித்தொனியைப் பார்த்துக்கொள்ளத்தான் கீஸர் இருக்கிறாரே.

கீஸர் பட்லர் முதலில் ரிதம் கிட்டாரிஸ்ட். இந்தக் குழுவுக்காக பேஸுக்கு மாறியவர். அதனால் பேஸை பேஸ் மாதிரி வாசிக்காமல், அயோமியின் ரிஃப்பை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே வாசித்தார். அயோமி தந்தியை வளைத்தால் இவரும் வளைப்பார். இரண்டாவது கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது. இருவரும் ஒரே சுரத்தில் விழும்போது அது ஒரு பெரிய கருவி ஒலிப்பது போல இருக்கும். இன்னொரு பக்கம் பில் வார்ட், ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். ரிஃப் எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் அடியில் அவர் தாளம் ஆடிக்கொண்டே இருக்கும். பின்னாளில் வந்த எத்தனையோ குழுக்கள் அயோமியின் சுருதியையும் ஒலியையும் நகல் எடுத்தன. இந்த ஆட்டத்தை நகல் எடுக்கத் தெரியாததால் கல்லாகக் கனத்துப் போயின. அயோமியைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பேசுவதில் உள்ள சிக்கல் இது.

1970 செப்டம்பரில் இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்' வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தலைப்புப் பாட்டு ஆல்பத்தில் நேரம் குறைகிறது என்று அரை மணி நேரத்துக்குள் போட்ட பாட்டு. அதே ஆல்பத்தின் 'அயர்ன் மேன்' தொடக்கத்தைக் கவனியுங்கள். இரும்பு முனகுவது மாதிரி ஒரு ஒலி வருகிறதே, அது எஃபெக்ட் பெட்டி எதுவும் இல்லை. தடித்த ஈ தந்தியை மீட்டிவிட்டு, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கு அந்தப் பக்கம், சுருதி முடுக்கும் பகுதியில் தந்தியை அழுத்தி வளைக்கிறார். பிறகு வரும் ரிஃப்பின் மெட்டையே ஓசி பாடுகிறார். ஆரம்பகாலப் பாடல்களில் இது அடிக்கடி நடக்கும். குரலும் கிட்டாரும் பேஸும் ஒரே கோட்டில் நகரும். சினிமா சண்டைக் காட்சிகளில் இந்த மாதிரி இசையைக் கேட்டுப் பழகிவிட்ட இன்றைய காதுக்கு இது சாதாரணம். ப்ளூஸ் வழக்கப்படி பாடகருக்கு கிட்டார் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த அன்றைய காதுக்கு அப்படி இருக்கவில்லை. பத்திரிகை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன.

இப்போது சுருதி இறக்கிய விஷயம். 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு அயோமி கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார். சாதாரணமாகத் தடித்த தந்தி ஈ, சுமார் 82 ஹெர்ட்ஸ். அது சி ஷார்ப்புக்கு, அதாவது சுமார் 69 ஹெர்ட்ஸுக்கு வந்தது. ஒரே தந்தியில் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை மாறும். கணக்குப் போட்டால் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. உறை போட்ட விரலுக்கு இது பெரிய நிம்மதி. ஆக, விபத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மெல்லிய தந்திகள் மேலும் தளர்ந்தபோது ஒலியிலும் ஒன்று நடந்தது. பலமாக மீட்டினால் தளர்ந்த தந்தி முதலில் கொஞ்சம் மேலே எகிறி, பிறகு உரிய சுரத்தில் வந்து அமரும். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன வழுக்கல். கீஸரும் கூடவே இறக்கிக்கொண்டார். 'இன்டு த வாய்ட்' பாட்டில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம். கனமான இசையைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, கைக்கு வசதியான ஒன்று ஒலிக்கும் வசதியாக அமைந்தது என்பதுதான் சரியான வரிசை.

அவருடைய தனி வாசிப்பு, அதாவது லீட், பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அடிப்படை என்னவோ ப்ளூஸின் ஐந்து சுர ஸ்கேல்தான். அதில் அவருக்கென்று சில பழக்கங்கள். ஒரு சுரத்தையும் அடுத்ததையும் சுண்டுவிரலாலோ அடுத்த விரலாலோ படபடவென்று தட்டி எழுப்பும் ட்ரில் அவருடைய கையெழுத்து மாதிரி. ரிஃப்களுக்குள்ளும் அதை நுழைத்துவிடுவார். இன்னொன்று, ஒரே இடத்துக்கு இரண்டு லீட் பதிவு செய்து இரண்டையும் சேர்த்து ஓடவிடுவது. 'வார் பிக்ஸ்' பாட்டில் இரண்டு கிட்டார்களும் கிட்டத்தட்ட ஒன்றாகப் போகும், ஆனால் முழுக்க ஒன்றாகாது. அந்தச் சின்ன விலகலில்தான் ஒரு பதற்றம் வருகிறது. 'பாரனாய்ட்' லீட்டில் ஒரு காதில் சுத்தமான ஒலி, மறு காதில் அதே வாசிப்பு ரிங் மாடுலேட்டரில் நசுங்கிய ஒலி. 'பிளானட் கேரவன்' முடிவில் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பே இல்லாமல் அவர் வாசிக்கும் ஜாஸ் சாயல் லீட்டைக் கேட்டால், அந்த மேலாளர் கொண்டுவந்த இசைத்தட்டு வீண் போகவில்லை என்று தெரியும்.

மென்மையான பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 'சாலிட்யூட்' பாட்டில் புல்லாங்குழல் அவர்தான். 1972-இன் 'வால்யூம் 4'-இல் 'சேஞ்சஸ்' பாட்டுக்கு பியானோ வாசித்ததும் அவர்தான், தானாகக் கற்றுக்கொண்டு. அந்த ஆல்பம் லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. ஆல்பத்துக்கு ஆனதைவிட கொக்கேனுக்கு ஆன செலவு அதிகம் என்று அவர்களே பின்னாளில் பேசியிருக்கிறார்கள். அதே ஊருக்கு அடுத்த ஆண்டும் போனபோது அயோமிக்கு ஒரு ரிஃப்கூட வரவில்லை. ரிஃப் வராவிட்டால் இந்தக் குழுவில் பாட்டே கிடையாது. மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கிலாந்து திரும்பி, கிளியர்வெல் கோட்டையின் நிலவறையில் ஒத்திகைக்கு இறங்கியபோது வந்தது 'சாபத் பிளடி சாபத்' ரிஃப். 1975-இன் 'சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்' ரிஃப் எட்டு ஆண்டுகள் கழித்து வரப்போகும் த்ராஷ் மெட்டல் என்ற வேகமான வகையை அப்போதே வாசித்துக் காட்டிவிட்டது. அந்தப் பாட்டு முடிவில் திடீரென்று அகூஸ்டிக் கிட்டாருக்கு மாறிவிடுவதையும் கவனியுங்கள். இந்தத் துணிச்சல் த்ராஷ் குழுக்களில் பாதிப் பேருக்கு வரவில்லை.

அதற்கடுத்த இரண்டு ஆல்பங்களைத் தாண்டிப் போய்விடலாம். 1979-இல் ஓசியை நீக்கினார்கள். ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980-இன் 'ஹெவன் அண்ட் ஹெல்' அயோமிக்கு இரண்டாவது பிறவி. ஓசி ரிஃப்பின் மேலேயே பாடுவார். டியோ அப்படி இல்லை, கிட்டார் ஓரிடத்தில் நிற்கும்போது அதன் குறுக்கே தன் மெட்டைக் கொண்டுபோவார். ஆகவே அயோமி கார்டுகளை நீளமாக ஒலிக்கவிட்டு, பாடகருக்கு இடம் கொடுத்து வாசிக்க ஆரம்பித்தார். லீட்களும் நீண்டன, மெட்டு கூடியது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் வரும் லீட்தான் அவருடைய மிகச் சிறந்த லீட் என்று நான் சொல்வேன். வேறு பாட்டைச் சொல்பவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் பாடகர்களும் டிரம்மர்களும் வந்தார்கள், போனார்கள். அயோமி மட்டும் நின்றார். பிளாக் சாபத்தின் 19 ஸ்டுடியோ ஆல்பங்களிலும் வாசித்தவர் அவர் ஒருவரே. இயன் கில்லனோடு ஒன்று, கிளென் ஹியூஸோடு ஒன்று, டோனி மார்ட்டினோடு ஐந்து. டோனி மார்ட்டின் காலத்தை 'அது சாபத்தே இல்லை' என்று ஒதுக்குவது வழக்கம். 1989-இன் 'ஹெட்லெஸ் கிராஸ்' கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும். அதில் ஒரு பாட்டுக்கு குவீன் குழுவின் பிரையன் மே வந்து லீட் வாசித்திருக்கிறார். நெருங்கிய நண்பர்கள். தன் ஆல்பத்தில் இன்னொரு கிட்டாரிஸ்ட்டை லீட் வாசிக்க அயோமி விட்டது அபூர்வம்.

1997-இல் பழைய குழு மறுபடி சேர்ந்தது. 2012 தொடக்கத்தில் அயோமிக்கு லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய், இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே ரிஃப் எழுதி, 2013-இல் வந்த '13' ஆல்பம் அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முறையாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது. சுற்றுப்பயணத் தேதிகளைச் சிகிச்சைத் தேதிகளுக்கு ஏற்ப வகுத்தார்கள். 2017 பிப்ரவரியில் பர்மிங்காமில் விடைபெற்றார்கள். பிறகு 2025 ஜூலை 5 அன்று, அவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் நான்கு பாட்டுகள் வாசித்தார்கள். பதினேழு நாட்களில் ஓசி இறந்தார்.

வேகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டி வான் ஹேலன், ராண்டி ரோட்ஸ் வழியில் வந்தவர்களோடு வைத்தால் அயோமி வேகத்தில் பின்தங்கியவர்தான், அதில் மறுக்க ஒன்றுமில்லை. அவரிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. மெட்டாலிகாவின் ரிஃப்களில் அவர் இருக்கிறார். 2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பிளாக் சாபத்தைச் சேர்த்து வைத்துப் பேசியது மெட்டாலிகாக்காரர்கள்தான். டூம் மெட்டல் என்ற மெதுவான, இருண்ட கிளை முழுவதும் முதல் ஆறு ஆல்பங்களிலிருந்து கிளைத்தது. சைன்ட் வைடஸ், எலெக்ட்ரிக் விசார்ட் போன்ற குழுக்கள் தங்கள் பெயரையே சாபத் பாட்டுத் தலைப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டன. சுருதியை இறக்கி வாசிப்பது இன்று மெட்டலில் விதி, இறக்காமல் வாசிப்பதுதான் விலக்கு.

நீங்களே கிட்டார் வாசிப்பவர் என்றால் ஒன்று சொல்கிறேன். அயோமி மாதிரி ஒலிக்க வேண்டுமென்று முதல் வேலையாக சுருதியை இறக்கி, டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினை முழுக்கத் திருகி வைக்காதீர்கள். ஆரம்ப ஆல்பங்களில் அவர் வைத்திருக்கும் டிஸ்டார்ஷன் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. சாதாரண சுருதியிலேயே அந்த மூன்று சுர ரிஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெயினைப் பாதியில் வையுங்கள். பில் வார்ட் அடிக்கும் வேகத்துக்கு மேல் ஒரு இம்மிகூடப் போகாமல், மூன்றாவது சுரத்தை அசைத்தபடி அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுவிடுவார்கள். அது சரியாக அமைந்த பிறகு மூன்று அரைச்சுரம் இறக்கி, 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பக்கம் போகலாம்.